லாரி கிளம்பிப் போன பிறகு அந்த டயர்கள் எங்கே போகின்றன?

நாணல்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு ஓர் ஓடையைச் சுத்தம் செய்யப் போயிருந்தோம், 30 பேர் இருக்கும். பிளாஸ்டிக்தான் நிறைய இருக்கும் என்று நினைத்துப் போனால், பாதி நாள் டயரோடே போய்விட்டது. சேற்றில் முக்கால்வாசி புதைந்த டயரை யாராவது இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சேறும் தண்ணீரும் அடைத்துக்கொண்டு, இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் அசைகிறது. நிமிர்த்தியதும் உள்ளிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன, ஒரே டயரில் நூற்றுக்கணக்கில். "தண்ணியை ஓடையிலேயே ஊத்தாதீங்க, காய்ஞ்ச தரையில ஊத்துங்க" என்று கூட வந்த சுகாதாரப் பணியாளர் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் 212 டயர். சின்ன லாரியில் 3 லோடாக ஏற்றினோம். கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். கடைசி லோடு கிளம்பும்போது ஓட்டுநரிடம், "அண்ணே, இதெல்லாம் எங்கே போகுது?" என்று கேட்டேன். "எடுத்துக்கிறவங்க இருக்காங்கம்மா" என்றார். அவ்வளவுதான். ஒப்பந்தக்காரர் கையில் ஒரு தாளும் இல்லை. எங்களிடமும் இல்லை.

அன்றிலிருந்து இதே நினைப்பு. ஓர் ஓடையில் இருந்து எடுத்ததை இன்னோர் ஓடைக்குத்தான் அனுப்பி வைத்தோமா? இதற்கு அரசாங்கங்கள் என்ன சட்டம் வைத்திருக்கின்றன, அவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தணல்

தீயணைப்புத் துறையில் 26 வருடம் இருந்தவன். குவியலில் இருந்து தொடங்குகிறேன் அம்மா. பல இடங்களில் டயர் சட்டம் வந்ததே ஒரு குவியல் எரிந்த பிறகுதான்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டர் பக்கத்தில் 1983 அக்டோபரில் சுமார் 70 லட்சம் டயர் கொண்ட குவியல் பற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் எரிந்தது. 1990 பிப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில், 1 கோடிக்கும் மேற்பட்ட டயர்கள், அணைக்க 17 நாள். வேல்ஸ் நாட்டின் ஹேயோப் பள்ளத்தாக்கில் 1989இல் தீப்பிடித்த குவியல் 15 வருடத்துக்கு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. 15 நாள் இல்லை, 15 வருடம்.

ஏன் அணையாது? ஒவ்வொரு டயரின் வயிற்றிலும் காற்று இருக்கிறது. எந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சினாலும் வளைவில் வழுக்கி ஓடிவிடும், உள்பக்கம் நனையாது. காற்று எட்டாத அடுக்குகளில் ரப்பர் வெந்து எண்ணெயாக உருகுகிறது. அந்த எண்ணெய் நாம் அடித்த தண்ணீரோடு சேர்ந்து கால்வாயில் இறங்கும். தீயை அணைக்கப் போய் ஆற்றைக் கெடுத்தவர்கள் ஆகிவிடுவோம். அதனால் பல நேரம் மண்ணைப் போட்டு மூடுவது, இல்லையென்றால் எரியாத பகுதியைப் பிரித்து இழுத்துவிட்டு மற்றதை எரியவிடுவது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டி வரும்.

நான் நேரில் பார்த்தது அந்த அளவுக்குப் பெரியதில்லை, சில ஆயிரம் டயர்தான். விடியற்காலை அணைந்துவிட்டது என்று குழாயைச் சுருட்டினோம். பத்து மணிக்கு ஜேசிபி வந்து மேல் அடுக்கைப் பிரட்டியது. பிரட்டின இடத்தில் காற்றுப் பட்டதும் சிவப்பாக ஒரு வாய் திறந்த மாதிரி இருந்தது, ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. மறுபடி முதலில் இருந்து. 2 நாள்.

அதனால் சட்டத்தில் நான் முதலில் தேடுவது மூன்று விஷயம். ஒரு குவியல் எவ்வளவு பெரியதாக இருக்கலாம், குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே தீயணைப்பு வண்டி போக வழி இருக்கிறதா, சேர்த்து வைப்பவர் முன்பணமாகப் பிணைத்தொகை கட்டியிருக்கிறாரா. முதல் இரண்டும் பல இடங்களில் எழுத்திலாவது இருக்கின்றன. மூன்றாவதுதான் விட்டுப்போகிறது. குவித்தவர் கையை விரித்துவிட்டுப் போனால் சுத்தம் செய்யும் செலவு ஊர்ப் பணத்தில்தான் விழும்.

மறுபட்டை

தணல் ஐயா சொன்ன பிணைத்தொகை ஏன் அவ்வளவு முக்கியம் என்று தொழிலுக்குள் இருந்து சொல்கிறேன். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பட்டை ஒட்டி மறுபடி ஓடவைக்கும் மறுபட்டை வேலையில் தொடங்கி, இப்போது டயர் வெட்டித் தூளாக்கும் ஆலையில் இருக்கிறேன்.

இரும்பு, செம்பு, தாள் எதுவானாலும் பழையதை வாங்குபவர் காசு கொடுப்பார். டயருக்கு உலகின் பல இடங்களில் இது தலைகீழ். டயரைத் தள்ளிவிடுபவர்தான் காசும் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் எடுத்துப் போகிறவருக்கு டயர் கைக்கு வந்த நிமிடமே லாபம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் செய்கிற ஒவ்வொரு காரியமும், வெட்டுவது, ஏற்றி அனுப்புவது, ஆலைக்குக் கட்டணம் கட்டுவது எல்லாமே, அந்த லாபத்தில் இருந்து குறையும் செலவு. எதுவும் செய்யாமல் ஒரு பள்ளத்தில் தள்ளிவிட்டால் முழு லாபம். கள்ளக் குவியல் எப்படி உருவாகிறது என்று கேட்டால் பதில் இவ்வளவுதான். ஆள் கெட்டவரா நல்லவரா என்பதெல்லாம் அப்புறம். பணம் எந்த முனையில் கைமாறுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, டயர் சுமை குறைவு, இடம் அதிகம். முழு டயர் அடைத்துக்கொள்ளும் இடத்தில் முக்கால் பங்கு வெற்றிடம்தான். லாரி நிறைய டயர் ஏற்றினால் காற்றைத்தான் சுமந்துபோகிறோம். தூரம் கூடக் கூட ஆலைக்குக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது, வழியில் இறக்கிவிடும் ஆசையும் கூடும். எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டிச் சுருக்கினால் அதே லாரி மூன்று மடங்குக்கு மேல் கொண்டுபோகும். ஆனால் வெட்டும் கத்தி லேசில் தாங்காது. விளிம்பில் ரிம்மைக் கவ்வுவதற்காக முறுக்கிய எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது, பீட் வயர் என்போம். அதை முதலில் உருவி எடுக்காமல் டயரைப் போட்டால் கத்தியின் வாய் மழுங்கிவிடும். எங்கள் ஆலையில் கத்தி சாணை பிடிக்கத் தனி ஆள் இருக்கிறார், அவருக்கு ஓய்வே கிடையாது.

ஏடு

நல்ல இழை. சட்ட வரலாற்றைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

முழு டயரைக் குப்பைக் கிடங்கில் புதைப்பதுதான் பழைய வழக்கம். புதைத்தாலும் அது அடங்குவதில்லை. உள்ளே வாயு சேர்ந்து மெல்ல மேலே ஏறி, மூடிய மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் கொண்டுவந்த குப்பைக் கிடங்கு ஆணையில் முழு டயர் புதைப்பதை 2003 முதலும், துண்டாக்கிய டயர் புதைப்பதை 2006 முதலும் தடை செய்தது. சைக்கிள் டயருக்கும் 1400 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பெரிய டயருக்கும் விலக்கு உண்டு. இந்தத் தேதிகளைக் கவனியுங்கள். தடையை உடனே போடாமல் மாற்று வழி உருவாகச் சில வருட அவகாசம் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். 1985இல் மின்னசோட்டா முதலில் இயற்றியது. 1990 வாக்கில் அந்த நாட்டில் தேங்கிக் கிடந்த டயர் சுமார் 100 கோடி. அதில் 90 சதவீதத்துக்கு மேல் இன்று இல்லை. புது டயர் விற்கும்போதே சிறு கட்டணம் பிடித்து, அந்த நிதியில் சொந்தக்காரர் இல்லாத பழைய குவியல்களை எடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் 1998இல் டிரேசியிலும் 1999இல் வெஸ்ட்லியிலும் அடுத்தடுத்துப் பெரும் தீ. உடனே 2000இல் புதிய சட்டம் இயற்றிக் கட்டணத்தை 25 சென்டில் இருந்து 1 டாலராக உயர்த்தினார்கள். தணல் ஐயா சொன்னது சரியாகவே பொருந்துகிறது.

நாணல் கேட்ட லாரிக் கேள்விக்கும் அங்கே ஒரு பதில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 10 அல்லது அதற்கு மேல் பழைய டயர் ஏற்றிப் போகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் எங்கே ஏற்றினோம், எங்கே இறக்கினோம் என்று எழுதிய சீட்டு வண்டியில் இருக்க வேண்டும். 500 அல்லது அதற்கு மேல் டயர் சேர்த்து வைக்க உரிமம் வேண்டும்.

கல்மரம்

எல்லாரும் சட்டம், கட்டணம் என்றே பேசுகிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. ஜெர்மனியில் டயருக்கென்று தனிக் கட்டணமும் கிடையாது, இன்னார்தான் பொறுப்பு என்றும் கிடையாது. வியாபாரிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுச் சமாளிக்கிறார்கள். நிதி என்று ஒன்றை உருவாக்கினால் அதைத் தின்ன ஓர் அலுவலகமும் கூடவே உருவாகும். டயருக்கு மதிப்பு வரும்படி செய்துவிட்டால் போதும், யாரும் ஓடையில் போட மாட்டார்கள்.

ஏடு

கல்மரம் நண்பரே, ஜெர்மனி உதாரணம் உண்மைதான், ஆனால் பாதிதான் சொல்கிறீர்கள். புதைக்கக் கூடாது என்ற ஐரோப்பியத் தடை அங்கேயும் உண்டு. கழிவைக் கையாளுபவர் உரிமமும் ஆவணமும் வைத்திருக்க வேண்டும். மலிவான தப்புவழியை முதலில் சட்டம் அடைத்தது, அதற்கப்புறம்தான் சந்தை வேலை செய்கிறது. அதே ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்பெயினின் செசேனாவில் 2016 மே மாதம் எரிந்த குவியலை நினைத்துப் பாருங்கள். பல லட்சம் டயர், மேட்ரிட் நகரில் இருந்து புகை தெரிந்தது. தடை எழுத்தில் இருந்தது. குவியலும் இருந்தது.

நிதியை அலுவலகம் தின்னும் என்ற உங்கள் பயத்தை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2012இல் ரெடிசா என்ற திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. டயர் 1 கிலோவுக்கு 2.30 ராண்ட் கட்டணம், அந்தப் பணத்தில் சேகரிப்பு, கிடங்கு, சிறு வண்டிக்காரர்களுக்கு வேலை. 2017 பிப்ரவரியில் கட்டணம் அரசின் வரியாக மாறி நேராகப் பொதுக் கருவூலத்துக்குப் போனது. அதே வருடம் அந்த அமைப்பைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் கிடங்குகளில் டயர் தேங்கிவிட்டது. வாங்குபவர் கட்டுகிற பணம் நிற்கவே இல்லை, டயரை எடுக்கும் கைதான் நின்றுபோனது.

நாணல்

இது எனக்குப் புதிது. அப்படியென்றால் கடையில் கட்டணம் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக டயர் போய்ச்சேர வேண்டிய இடம் போய்ச்சேர்ந்தது என்று அர்த்தமில்லை. இரண்டையும் கட்டிப்போடுவது எப்படி?

ஏடு

அந்தக் கேள்விக்குத்தான் உற்பத்தியாளர் பொறுப்பு என்ற முறையை வைத்தார்கள். அரசு பணத்தைக் கையில் வாங்காது. டயர் செய்பவரும் இறக்குமதி செய்பவரும் இத்தனை டன் டயரை முறையாக முடித்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

பிரேசிலில் 1999இலேயே இது தொடங்கியது. 2009இல் வந்த விதிப்படி, மாற்று டயராக விற்கும் ஒவ்வொரு புது டயருக்கும் ஒரு பழைய டயரை முடித்தாக வேண்டும். 1 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் ஊர்களில் குறைந்தது ஒரு சேகரிப்பு இடம் வைத்தாக வேண்டும். பழைய டயரின் எடையைக் கணக்கிடும்போது தேய்மானத்துக்காக 30 சதவீதம் கழிக்கிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே அமைப்பு கட்டணம் வாங்கி நடத்தியது. அதை 2018 முடிவில் மூடிவிட்டு, 2019 முதல் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தனித்தனியாகப் பொறுப்பு என்று மாற்றினார்கள்.

இந்தியாவில் 2022 ஜூலை 21 அன்று அறிவித்த விதிகளில் இந்தக் கடமையின் அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள். 2022-23இல், 2020-21இல் செய்த டயர் எடையில் 35 சதவீதம். அடுத்த வருடம் 70, 2024-25இல் 100. மறுசுழற்சி செய்யும் ஆலை தான் செய்து விற்ற பொருளுக்குச் சான்று உருவாக்கும், உற்பத்தியாளர் அதை வாங்கித் தன் கணக்கில் வைப்பார். மறுபட்டை போட்ட டயருக்கான சான்று கடமையை ஒரு வருடம் தள்ளிப்போடும். தீர்த்துவிடாது, ஏனென்றால் அந்த டயர் எப்படியும் ஒருநாள் கழிவாகத் திரும்பி வரும்.

மறுபட்டை

சான்று முறையை நான் வரவேற்கிறேன், ஆனால் ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சான்று வெறும் தாள். தாள் டயரைவிட வேகமாக ஓடும். ஆலையின் மின்சாரக் கணக்கு, எடைமேடைச் சீட்டு, விற்ற தூளின் விலைப்பட்டியல் மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்காமல் சான்றை மட்டும் எண்ணினால் இல்லாத டயர்கூட மறுசுழற்சி ஆகிவிடும். 1 டன் டயரை மெல்லிய தூளாக்க எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் ஓரளவு சொல்லிவிடுவார். மின்சாரமே செலவழியாத இடத்தில் தூள் எங்கிருந்து வந்தது?

சோதனைக்கு வருகிறவர்கள் உரிமம், கோப்பு, கையெழுத்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கத்தி எப்போது மாற்றினீர்கள் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. ஓடுகிற ஆலையா, பெயருக்கு நிற்கிற ஆலையா என்று கத்தியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உலைவாசல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டயரில் இருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் 3 வருடம் வேலை பார்த்தவன், அதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மறுபட்டை அண்ணன் சொன்னதற்கு மாறாக, எண்ணெய் ஆலைகள் போட்டி போடும் இடத்தில் பழைய டயருக்கு நல்ல விலை. கல்மரம் கேட்ட மதிப்பு அங்கே வந்துவிட்டது. ஆனால் அந்த மதிப்பு யார் உடம்பில் இருந்து வருகிறது என்று பாருங்கள்.

காற்றில்லாத உருளைக்குள் டயரை அடைத்து 400, 500 டிகிரிக்குச் சூடேற்றினால் எண்ணெய் ஆவியாகி வரும். குளிரவைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் கம்பியும் கரித்தூளும். உருளை நன்றாக ஆறிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். ஆனால் அடுத்த லோடு வாசலில் நிற்கும். சூடு அடங்கும் முன்பே திறக்கச் சொல்வார்கள். திறந்ததும் கரி புகை மாதிரி கிளம்பும், சில நேரம் காற்றுப் பட்டு உள்ளேயே பற்றிக்கொள்ளும். துணி ஒன்றை மூக்கில் கட்டிக்கொண்டு கொக்கியால் கம்பியை இழுப்போம். கழுத்து மடிப்பில் படிந்த கரி வேலையை விட்டு ஒரு வாரம் ஆகியும் போகவில்லை. தலையணை உறை கறுத்துப்போனதைப் பார்த்து வீட்டில் அழுதார்கள்.

எல்லா ஆலையும் இப்படி இல்லை. நிற்காமல் ஓடும் வகை இருக்கிறது, கரியைத் திறந்த வெளிக்கே விடாமல் நேராகப் பையில் அடைப்பார்கள். அந்த இயந்திரத்துக்கு முதல் அதிகம். சட்டம் இரண்டையும் ஒரே பெயரில் மறுசுழற்சி என்று எண்ணினால், மலிவாக ஓடுவது நன்றாக ஓடுவதைத் தின்றுவிடும். எத்தனை டன் முடிந்தது என்று கேட்கும் சட்டம், கதவு எத்தனை டிகிரியில் திறக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

கல்மரம்

உலைவாசல் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மதிப்பு வந்தால் போதும் என்று சொன்னதை நான் திருத்திக்கொள்கிறேன். மதிப்பு வந்த பிறகும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. உடம்பை ஒரு மருத்துவரிடம் காட்டினீர்களா?

உலைவாசல்

காட்டினேன் அண்ணா, மூச்சுப் பரிசோதனையும் எடுத்தார்கள். இப்போது பரவாயில்லை. கேட்டதற்கு நன்றி.

மண்வாசி

பொருள் அறிவியல் படித்தவள். மறுசுழற்சி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை.

கண்ணாடியையும் அலுமினியத்தையும் உருக்கி மறுபடி அதே பொருள் செய்யலாம். டயரை உருக்க முடியாது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த வழிதான் இன்றும் அடிப்படை. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். டயர் தேயாமல் ஓடுவது அந்த முடிச்சுகளால்தான், அவிழ்க்க முடியாமல் போவதும் அவற்றால்தான். ஆகவே பழைய டயர் பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்த வேலைக்குத்தான் போகிறது. எரிபொருள், விளையாட்டுத் திடல் நிரப்பு, தரைப்பாய், சாலை. மறுபட்டை போடுவது மட்டும்தான் டயரை டயராகவே வைத்திருக்கிறது. விமான டயர்களுக்கே பல முறை மறுபட்டை போடுகிறார்கள். அப்படியிருந்தும் பல சட்டங்களில் அது ஓரமாகத்தான் நிற்கிறது.

நல்ல பயன் என்று பெயர் வைத்த குப்பைக் கொட்டலையும் மறக்கக் கூடாது. 1972இல் ஃபுளோரிடா கடலில் ஆஸ்போர்ன் திட்டு என்று 20 லட்சம் டயர்களைக் கட்டி இறக்கினார்கள், மீன்களுக்கு வீடாகும் என்று. கட்டுகள் அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டு பக்கத்தில் இருந்த உயிருள்ள பவளத்தையே சிதைத்தன. அவற்றை எடுக்க ராணுவ முக்குளிப்பவர்கள் வர வேண்டியதாயிற்று.

ஏடு அண்ணா சொன்ன 30 சதவீதத் தேய்மானம் என் மனதில் நின்றுவிட்டது. அந்த 30 எங்கே போனது? சாலையில் தூளாக, மழையில் ஆற்றுக்கு. டயரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. அதுதான் அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு கண்டறிந்தது. ரப்பர் தூளைத் திடலில் பரப்பும் வழக்கத்துக்கும் கடிவாளம் வந்துவிட்டது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக் விதியில் செயற்கைப் புல் திடலின் நிரப்புத் தூளையும் சேர்த்து 8 வருட அவகாசம் கொடுத்திருக்கிறது.

மறுபட்டை

அது எங்கள் தொழிலுக்குப் பெரிய அடி. மறுக்கவில்லை, குழந்தைகள் உருண்டு விளையாடும் இடம். ஆனால் ஒரு வாசலை மூடும்போது இன்னொன்றைத் திறந்துவைக்க வேண்டும். சாலைக்குப் போகலாம். 1960களில் ஃபீனிக்ஸ் நகரில் சார்ல்ஸ் மெக்டொனால்டு என்ற பொறியாளர் சூடான தாரில் ரப்பர் தூள் கலந்து பள்ளம் அடைக்கத் தொடங்கினார், அது நன்றாகவே நின்றது. 1991இல் அமெரிக்கக் கூட்டரசு, நெடுஞ்சாலைப் பணத்தில் போடும் சாலைகளில் குறிப்பிட்ட அளவு ரப்பர் கலந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. பழக்கமில்லாத மாநிலங்கள் எதிர்த்தன, 1995இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மிரட்டியதோடு நிறுத்தாமல், கலக்கும் முறையைப் பழக்கியிருந்தால் நிலைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

தூரவழி

ஒரு துண்டு விட்டுப்போகிறது: எல்லை தாண்டிப் போவது. ஆஸ்திரேலியா 2021 டிசம்பரில் முழு டயர் ஏற்றுமதியைத் தடை செய்தது. இந்தியாவின் 2022 விதிகள் எண்ணெய்க்காகவும் கரிக்காகவும் கழிவு டயர் இறக்குமதி செய்வதைத் தடை செய்கின்றன. பிரேசில் மறுபட்டை போட்ட டயர் இறக்குமதியைத் தடுத்தபோது ஐரோப்பிய ஒன்றியம் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டது. பிரேசில் சொன்ன காரணம் டெங்கு, கொசு, தீ. 2007இல் வந்த தீர்ப்பு அந்தக் காரணம் நியாயமானது என்றே ஏற்றது. ஆனால் அண்டை நாடுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததும், நீதிமன்ற உத்தரவு வழியாக இறக்குமதி நடந்துகொண்டே இருந்ததும் பாரபட்சம் என்றது. ஓட்டை வைத்துக்கொண்டு தடை போட்டால் நல்ல காரணமும் தோற்கும்.

கொசு என்றதும் நாணல் எழுதியது நினைவுக்கு வருகிறது. ஆசியப் புலிக்கொசு 1985இல் டெக்சாஸ் மாநிலத்தில் நிலைகொண்டதற்கு ஆசியாவில் இருந்து வந்த பழைய டயர்களைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். முட்டை காய்ந்த டயர் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

தணல்

அம்மா நாணல், பேச்சு உலகம் சுற்றிவிட்டது. உங்கள் 3 லோடுக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது, எடுத்துச்செல்வதற்கு இவ்வளவு என்றா, ஒப்படைத்ததற்கு இவ்வளவு என்றா? அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். எடுத்துச்செல்வதற்கு என்றால் லாரி தெருமுனை தாண்டியதுமே அவர் கடமை முடிந்தது. ஒப்படைத்ததற்கு என்றால் வாங்கிக்கொண்ட ஆலையின் எடைச்சீட்டு இல்லாமல் பணம் கிடைக்காது.

மறுபட்டை

ஆமாம், எடைச்சீட்டைக் கேளுங்கள். கார் டயர் ஒன்று 8, 9 கிலோ என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். சேறு ஒட்டியிருந்தால் கூடத்தான் வரும். குறைந்தால் வழியில் இறங்கியிருக்கிறது.

நாணல்

எல்லாருக்கும் நன்றி. 4 நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். தணல் ஐயா சொன்ன மாதிரியே "எடுத்துச்செல்லுதல், ஒரு நடைக்கு" என்றுதான் இருக்கிறது. ஒப்படைப்பு என்ற சொல்லே இல்லை. அடுத்த முறைக்கு "உரிமம் பெற்ற ஆலையின் எடைச்சீட்டு கொடுத்த பிறகு" என்று திருத்த வேண்டும் என எழுதிக் கொடுத்திருக்கிறேன், கூட வந்த 22 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பேசிப் பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

ஒப்பந்தக்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அப்படியில்லை. முதல் 2 லோடுக்கும் ஒரு வெட்டும் ஆலையின் சீட்டு இருந்தது. முதலாவது 690 கிலோ, இரண்டாவது 715. பெருக்கிப் பார்த்தேன், லோடுக்கு 70 டயர், சேற்றோடு கணக்குச் சரியாக வருகிறது. மூன்றாவது லோடு இருட்டிய பிறகு கிளம்பியது. அதற்குச் சீட்டு இல்லை. ஆலை மூடியிருந்தது, வேறோர் இடத்தில் இறக்கிவைத்து மறுநாள் கொண்டுபோயிருப்பார்கள் என்றார். எந்த இடம் என்று கேட்டதற்கு ஓட்டுநரிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆலைக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், அந்தத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இந்த லாரி எண்ணில் எதுவும் இறங்கியதா என்று கேட்டு. பதில் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.